பவுனு திரும்பிப் பார்த்த பக்கம்

குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அதற்கு வயிற்று வலி. இந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. குதிரை வைத்திருப்பவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான். படித்த குடும்பம் ஒன்று எப்படி இவ்வளவு முட்டாளாக இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் மேலே படிக்கலாம்.

குதிரையை வாங்கியது நான் இல்லை, என் வீட்டுக்காரர். அத்தை மகன் என்பதால் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் தொழிலை விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய், செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து, குறுக்குத்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டினார். பேர் பவுனு என்றார். "முப்பது வருஷமா பவுன் வாங்கித் தாங்கன்னு கேட்டதுக்கு இதுதானா கிடைச்சுது?" என்றேன். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ஆளைப் பார்த்ததும் என்ன வேண்டும் என்று கேட்டுப் பழகிய வாய் எனக்கு. குதிரையிடம் அப்படி என்ன கேட்பது என்று மூன்று வருஷம் அதன் பக்கமே போகவில்லை.

குதிரைக்குச் செய்வதெல்லாம் இடது பக்கம் நின்றுதான் செய்வார்கள். சேணம் போடுவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அந்தப் பக்கம். அத்தானும் அங்கேயேதான் நிற்பார். இடது விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, என்னிடம் பேசாத பேச்செல்லாம் அதனிடம் பேசுவார். காலையில் ஆற்றங்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் தாமிரபரணியில் இறக்கிக் குளிப்பாட்டி, வெயில் ஏறின பிறகுதான் திரும்புவார்.

போன வருஷம் ஆனி மாதத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பவுனைக் கட்டிவிட்டு உள்ளே வந்தவர், "நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்கி. வாயு போல" என்றார். ஓமத்தண்ணி கொடுத்தேன். "பத்து நிமிஷம் படுங்க அத்தான், சரியாயிரும்" என்றேன். படுத்தார். அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது உயிர் இல்லை. மணி பன்னிரண்டு. நான் கொடுத்த அந்தப் பத்து நிமிஷத்தை இன்னும் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

பிறகு குதிரையைப் பார்த்துக்கொண்டவர் பேட்டை மைதீன் அண்ணாச்சி. லாடம் அடிக்கிறவர். அத்தானுக்குச் சிநேகிதர். காலையிலும் சாயங்காலமும் வந்து வைக்கோலும் தண்ணியும் வைத்துவிட்டுப் போவார். அவருக்கு முழங்கால் வலி, ஆற்றங்கரை வரைக்கும் நடக்க முடியாது. அதனால் ஒரு வருஷம் பவுனு நின்ற இடத்திலேயே நின்றாள்.

முதல் வருஷத் திதிக்குப் பத்து நாள் இருந்தது. ஏற்பாடுகளுக்காக டவுணிலிருந்து மதினி, அத்தானுடைய அக்கா, வந்து தங்கியிருந்தார். ஒரு நாள் உச்சி வேளையில் கொல்லைக்குத் துணி எடுக்கப் போனவர், அங்கிருந்தே மெதுவான குரலில் என்னைக் கூப்பிட்டார்.

"இங்கன வா. சத்தம் போடாம வா."

போனேன். பவுனு கழுத்தைத் திருப்பித் தன் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை. நிழல்கூட இல்லாத நேரம். ஆனிக் காற்று தென்னையைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது, அவள் காது மட்டும் அசையவில்லை. முன்னங்காலால் தரையைத் தட்டினாள். இடது விலாவில் தோல் மெல்ல நடுங்கியது. அத்தான் கைவைக்கும்போது அப்படித்தான் நடுங்கும்.

"யாரைப் பாக்குதா தெரியுதா?" என்றார் மதினி.

"ஈயைப் பாக்குதா" என்றேன்.

அப்போது பவுனு மேலுதட்டைச் சுருட்டிப் பல்லெல்லாம் தெரியத் தலையைத் தூக்கினாள். மதினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்கா பாரு. எந்தம்பி வந்து நிக்கான், அதான் சிரிக்கா."

மதினியை நன்றாகத் திட்டினேன். மறுநாள் மத்தியானம் பவுனு மறுபடியும் பார்த்தாள். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் மதினி குட்டித் தூக்கம் போட்டிருந்த நேரத்தில் நானே கொல்லைக்குப் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து, "சாப்பிட்டியளா?" என்று கேட்டேன். பவுனு தரையைத் தட்டினாள். அதற்குப் பிறகு தினமும் பன்னிரண்டு மணிக்கு நான் கொல்லையில் இருந்தேன். மின்சார பில், பக்கத்து வீட்டு மதில் தகராறு, மகள் சென்னையிலிருந்து போன் பண்ணாதது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் சொல்லவில்லை. முதுகில் வெயில் எரிந்தது, ஆனாலும் உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது. பயந்துகொண்டுதான் போனேன், போகாமல் இருக்கவும் முடியவில்லை.

திதி அன்றைக்குப் படைத்துவிட்டு, மதில்மேல் காக்காய்க்கு இலை வைத்தோம். காக்காய் எடுத்தால்தான் வீட்டில் சாப்பாடு. அரை மணி, முக்கால் மணி, ஒரு காக்காயும் அண்டவில்லை. காற்றுக்குப் பயந்து காக்காய் எல்லாம் எங்கேயோ ஒதுங்கியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் கொல்லையிலிருந்து டக், டக் என்று குளம்புச் சத்தம். பவுனு இடது பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"காக்காகிட்ட அவன் எதுக்கு வரணும்? அவன் இங்கனல்லா நிக்கான்" என்று சொல்லி, மதினி இலையை எடுத்துக்கொண்டுபோய் பவுனுக்கு முன்னால் வைத்தார்.

மதினி மேல் முழுப் பழியையும் போட்டுவிடலாம். ஆனால் சோறும் வடையும் பாயசமும் இருந்த அந்த இலையில், அவருக்குப் பிடிக்கும் என்று டவுண் அல்வாவைக் கொண்டுபோய்க் கை நிறைய வைத்தது நான். பவுனு மோந்து பார்த்து, பையப் பையத் தின்றாள். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். பிறகு நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டோம்.

மூன்று மணிக்குப் பவுனு விழுந்தாள்.

விழுந்து புரண்டாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். உடம்பிலிருந்து வேர்வை சொட்டியது. நல்லவேளையாக மைதீன் அண்ணாச்சி அன்றைக்கு நேரத்தோடேயே வந்தார். பார்த்த மாத்திரத்தில் கட்டை அவிழ்த்து அவளை எழுப்பி நிறுத்தினார்.

"தங்கச்சி, இவளுக்கு வயித்து வலி. எத்தனை நாளா இப்படி இருக்கா?"

"இன்னைக்குத்தான்…" என்று ஆரம்பித்து மதினியைப் பார்த்தேன். மதினி சொன்னார். பத்து நாளாக மத்தியானத்தில் திரும்பிப் பார்த்தது, காலைத் தட்டியது, சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னார். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"நா வார நேரத்துல நல்லாத்தானே நிப்பா. லத்தி போடுறது குறைஞ்சு, போட்டதும் காஞ்சு கிடந்துச்சு. வெயிலுன்னு நெனச்சிட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

மனிதனுக்கு வந்த நெஞ்சு வலியை வாயு என்றோம். குதிரைக்கு வந்த வாயுவை ஆவி என்றோம். எங்கள் குடும்பத்து வைத்தியம் அவ்வளவுதான்.

மினி லாரி பிடித்து ஊருக்கு வெளியே இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பசு, இரண்டு வெள்ளாடு, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய நாய். குதிரையைப் பார்த்ததும் எல்லாரும் வழி விட்டார்கள். டாக்டர் நாமக்கல் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. ஒருவர் நாடி பார்க்க, இன்னொருவர் ரத்தம் எடுக்க, அவர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்டார்.

"விலாவைத் திரும்பிப் பாத்துச்சுங்களா?"

"ஆமா."

டிக்.

"முன்னங்காலால தரையைத் தட்டுச்சா?"

"ஆமா."

டிக்.

"மேலுதட்டைச் சுருட்டுச்சா? சிரிக்கிற மாதிரி இருக்கும்."

"ஆமா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதற்கும் டிக் போட்டார்.

"அங்கங்கே தோல் நடுங்குச்சா?"

ஒவ்வொரு டிக்காகப் போட்டு, ஒரு வாரமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தவரை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் அச்சடித்த படிவத்திலேயே இருந்தது. உலகத்தில் வயிறு வலிக்கும் குதிரை எல்லாம் அப்படித்தான் பார்க்குமாம், அப்படித்தான் சிரிக்குமாம்.

அவர் எனக்கு விளக்கிச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குதிரையின் குடல் மிகவும் நீளம். ஒரு மனிதன் பின்பக்கம் வழியாகக் கையைத் தோள் வரைக்கும் விட்டுப் பார்த்தாலும் பாதிகூட எட்டாது. அது மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போலத் திரும்புகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் குடல் குறுகும். தண்ணீர் குறைவாகக் குடித்து, நடக்காமல் நின்றபடி காய்ந்த வைக்கோலையே தின்றால், அங்கே அது மாவுருண்டை போல இறுகி அடைத்துக்கொள்ளும். பவுனுக்குக் கடைவாய்ப் பல் கூர்மையாக வளர்ந்து, வைக்கோலை அரைக்கவும் முடியாமல் இருந்திருக்கிறது. தின்று சில மணி நேரம் கழித்து வலி வரும், பிறகு விட்டுவிடும். காலையில் வைத்த தீனிக்கு உச்சி வேளையில் வலி. அதற்கு மேல் நாங்கள் கொடுத்த அல்வாவும் பாயசமும் புளித்துக் காற்றாகி, உள்ளே போக இடமில்லாமல் வயிறு உப்பிவிட்டது.

"அடைப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இடது பக்கம்தாங்க" என்றார்.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது மேலே திரும்பி வராது. அதனால் மூக்கு வழியாக நீளமான குழாயை வயிறு வரைக்கும் விட்டு, காற்றையும் புளித்த தண்ணியையும் முதலில் வெளியே எடுத்தார்கள். அல்வா வாசம் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அதே குழாயில் எண்ணெயும் மருந்துத் தண்ணியும் இறக்கினார்கள். கழுத்து நரம்பில் சலைன் ஏறியது. வலிக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாய் வைக்கோல்கூடக் கொடுக்கக்கூடாது என்றார்கள்.

டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, பவுனின் இடது விலாவில் வைத்தார். "கேளுங்க."

ஒன்றும் கேட்கவில்லை.

"அதான் பிரச்சினை. நல்ல குதிரைக்கு உள்ளே தண்ணி உருளுற மாதிரி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

ஆள் குடியில்லாத வீட்டுக் கதவில் காதை வைத்தது போல இருந்தது. இத்தனை பெரிய உடம்புக்குள் அவ்வளவு அமைதி.

அதன் பிறகு அவர் இன்னொரு காகிதத்தைக் கொடுத்தார். குடல் முறுக்கிக்கொண்டால் வலி ஊசிக்கு அடங்காதாம். இருக்கிற நிலையில் பவுனு அறுவை சிகிச்சையையும் தாங்க மாட்டாளாம். அப்படி வந்தால் வலியில்லாமல் தூங்க வைப்பதுதான் வழி, அதற்கு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். "இப்ப வேண்டாங்கம்மா. ஆனா வேணுங்கிறப்ப நேரம் இருக்காது. கையிலே வச்சிருங்க."

காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நேரம் இருக்காது என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

ஆஸ்பத்திரி என்றால் ராத்திரிதான் பயம் என்பார்கள். எனக்கு ராத்திரி ஒன்றும் செய்யவில்லை. விளக்கு எரியும், மாடுகள் அசைபோடும், மதினி என் பக்கத்தில் பெஞ்சில் குறட்டை விடுவார். மத்தியானம்தான் ஆகாது. காலையில் வந்த கூட்டம் எல்லாம் கலைந்துபோய், வேப்பமரத்தடியில் மாடு கட்டும் இரும்புக் கம்பிகள் வரிசையாக வெறுமனே நிற்கும். காற்று மட்டும் அடிக்கும்.

இரண்டாம் நாள் பவுனை மெதுவாக நடத்தச் சொன்னார்கள். நானும் அண்ணாச்சியும் மாறி மாறி நடத்தினோம். அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது பக்கமாக நடந்தார். வாழ்நாள் முழுவதும் குதிரைக்கு இடது பக்கம் நின்றவர்.

"என்ன அண்ணாச்சி, பக்கம் மாறி நடக்கிய?"

அவர் தரையைப் பார்த்தார். "வயித்து வலிதான். டாக்டர் சொன்னது சரிதான். ஆனாலும் அங்கன நிக்கதுக்கு எனக்கு மனசு வரல்ல தங்கச்சி."

பன்னிரண்டு மணிக்கு என் முறை. கடைசி வேப்பமரத்தடியில் பவுனு நின்றுவிட்டாள். இழுத்தேன், வரவில்லை. கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்தாள். இந்தத் தடவை வேர்த்தது, மூக்கு விடைத்தது, பின்னங்கால் மடங்கியது. டாக்டர் ஓடிவந்து தாடையின் கீழே நாடியைப் பிடித்தார், ஈறை அழுத்திப் பார்த்தார். நேற்று இளஞ்சிவப்பாக இருந்த ஈறு மங்கியிருந்தது.

"நாடி ஏறுது. இன்னொரு ஊசி போடறேன். இதுக்கும் அடங்கலேன்னா…" என்றவர் என் இடுப்பில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். ஊசி போட்டுவிட்டு, மருந்து எடுக்க உள்ளே போனார்.

நானும் பவுனும் மட்டும். எனக்கு எல்லாம் தெரியும். படிவம் தெரியும், கொண்டை ஊசி வளைவு தெரியும். இருந்தாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்.

"அத்தான், நீங்க போங்க. நீங்க நிக்கியளோ இல்லையோ எனக்குத் தெரியாது. நின்னா போயிருங்க. உங்களைப் பாக்கேன்னு இவ செத்துருவா. அன்னைக்கு உங்களைப் படுங்கன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போனது நாந்தான். பத்து நிமிஷம். அந்தக் கோவம் இருந்தா என்கிட்ட வச்சுக்கோங்க. இவளை விட்டுருங்க. போங்க."

சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷம் வராத அழுகை. காற்று நின்றது. அது நின்றதா, எனக்குக் கேட்காமல் போனதா என்று இன்றைக்கும் தெரியாது. பவுனு தலையை நேரே திருப்பிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, ஓரடி முன்னால் வைத்தாள்.

ஊசி வேலை செய்தது என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்வதுதான் சரி. அரை மணி கழித்து ஸ்டெதாஸ்கோப்பை என்னிடம் கொடுத்தார். முதலில் அமைதி. பிறகு எங்கேயோ தூரத்தில், பக்கத்துத் தெருவில் யாரோ குடத்தைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பவுனு லத்தி போட்டாள். கறுத்து, கல்லு கல்லாக, எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு. அண்ணாச்சி அதைக் கையிலேயே எடுத்து உடைத்துப் பார்த்தார். பிளாஸ்கில் காப்பி வாங்கிக்கொண்டு வந்த மதினி அதைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழாத குறைதான். காக்காய் எடுக்கவில்லையே என்று தவித்த குடும்பம், குதிரை போட்ட லத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது. இடுப்பிலிருந்த காகிதத்தை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். வேர்வையில் ஊறி எழுத்தெல்லாம் கலைந்துபோயிருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பல்லை அரத்தால் ராவிவிட்டார்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும், பச்சைப்புல் பழக்க வேண்டும், தவிட்டை நனைத்துத்தான் வைக்க வேண்டும், தினமும் நடத்த வேண்டும், மனிதச் சாப்பாடு ஒரு பருக்கை கூடாது. கடைசியாக டாக்டர் தன் நம்பரைத் தந்தார். "மறுபடி விலாவைப் பாத்துதுன்னா, எந்த நேரமா இருந்தாலும் உடனே போன் போடுங்க. காத்திருக்காதீங்க." நான் எதற்கு ஒரு வாரம் காத்துக் கிடந்தேனோ, இனி அதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

ஜங்ஷனில் ஒரு மருந்துக் கடையில் ஸ்டெதாஸ்கோப் வாங்கினேன். இப்போது காலையில் பவுனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவது நான்தான். அறுபது வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதிரையோடு போகிறவளைப் பார்த்துத் தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒன்றரை மாதம் பவுனு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானமானால் குனிந்தபடி புல்லைத் தின்றுகொண்டே நின்றாள். நிம்மதியாகத்தான் இருந்தது. கொல்லைக் கதவைச் சாத்தும்போது மட்டும் என்னமோ போல இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் குளம்புச் சத்தம் கேட்டது. டக். ஒரே ஒரு தடவை.

ஓடினேன். பவுனு இடது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈறை அழுத்தினேன், நல்ல இளஞ்சிவப்பு. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி நாடி எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பத்தாறு, குதிரைக்கு அது சரியான கணக்கு. இரண்டு விலாவிலும் மேலும் கீழும் வைத்துக் கேட்டேன், ஆறு ஓடுவது போலச் சத்தம். காலுக்கடியில் புது லத்தி. வேர்வை இல்லை. தோல் நடுங்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"புல் தின்னுதுங்களா?"

"வாயில புல்லோடதான் பாக்குதா."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்ல."

"வலி எதுவும் இல்லைங்கம்மா" என்றார் டாக்டர். "அப்புறம் எதைப் பாக்குதுன்னு எனக்குத் தெரியாது. பாக்கட்டும் விடுங்க."

போனை வைத்தேன். பவுனு இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய இடது பக்கம், அவளுக்கும் மதிலுக்கும் நடுவில் போய், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றேன். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, அத்தானுடைய நெஞ்சு உயரத்துக்கு அதை நீட்டிப் பிடித்தேன். காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆனாலும் கையை இறக்காமல் பத்து நிமிஷம் முழுசாக நின்று கேட்டேன்.